அக்கா கொண்டுவந்த கயிறு

மார்ச் 4

மச்சான் மொட்டை,

உயிரோடதான் இருக்கேன். ஃபோனத் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னதும் அக்கா அத பீரோவுல வெச்சுப் பூட்டிடுச்சு. அதான் பேப்பர். ஆபீஸ் போற வழியில அக்காவே உன்கிட்ட தரும்.

பதினாறாவது மாடியில கயித்துல தொங்கி கண்ணாடி தொடைக்கிறவன், வீட்டு பாத்ரூம்ல வழுக்கி மண்டைய இடிச்சுக்கிட்டான்னு ஊரு பூரா சொல்லிட்டியாம். நல்லாரு.

மூளை குலுங்கியிருக்காம். வெளிச்சம் ஆகல. ஸ்பூன் கீழ விழுந்தா மண்டைக்குள்ள விழுது. பல்லு விளக்கினேனான்னு பிரஷ்ஷத் தொட்டுப் பாத்துத் தெரிஞ்சுக்கிறேன். ஈரமா இருந்தா விளக்கியாச்சு. மத்தபடி ஜம்முனு இருக்கேன். திங்கக்கிழமை வந்துடுவேன். சூப்பர்வைசர்கிட்ட சொல்லி வை. என் இடத்துல எவனையும் ஏத்திடாத.

இப்படிக்கு,
இடிவாங்கி


மார்ச் 6

டேய் இடிவாங்கி,

சொன்னேன். "அவன் தேறிட்டானா இல்லையான்னு கூடத் தொங்குற நீ சொல்லு, அதான் முடிவு"ன்னுட்டாரு. உன் தலைய என் தலையில கட்டிட்டாரு. புதுசா ஒருத்தன் வேற வந்து நிக்கிறான். கெட்டிக்காரன்தான், வாய்தான் ஓயல.

இதுகூட ரெண்டு முழம் கயிறு வெச்சிருக்கேன். நாம தினம் போடுற அந்த 8 வடிவ முடிச்சு ஒண்ணு போட்டு அனுப்பு. என் கயித்துக்கு நீ முடிச்சு போடுற, உன் கயித்துக்கு நான். எனக்கு வீட்ல கைக்குழந்தை இருக்கு. கோவிச்சுக்காத.

மொட்டை


மார்ச் 7

மொட்டை,

இந்தா முடிச்சு. கண்ண மூடிக்கிட்டே போட்டேன். யானையக் கட்டலாம்.

காலேஜுல ஜன்னலப் பாத்தே ரெண்டு வருஷத்த ஓட்டிட்டு நின்னவன் நான். இப்ப ஜன்னலுக்கு வெளிய இருக்கேன். அத விட முடியாதுடா. புதுசா வந்தவன வீட்டுக்கு அனுப்பு.

இடிவாங்கி


மார்ச் 9

டேய்,

முடிச்சு பிரமாதம். தண்ணி ட்ரம்மத் தொங்கவிட்டுப் பாத்தேன், அசையல. ஆனா அது உன் கை இல்ல.

நீ பீச்சாங்கைக்காரன். நீ போட்டா வளைவு எதிர்ப்பக்கமா திரும்பும். தினம் என் மூக்குக்கு நேரா பாக்குறேன், எனக்குத் தெரியாதா? உங்க அக்காவக் கேட்டேன். "நான் ஒண்ணும் போடல தம்பி"ன்னு சொல்லிட்டு, வராத பஸ்ஸப் பிடிக்க ஓடுச்சு.

நாளைக்கு சூப்பர்வைசர் கேப்பாரு. என்ன சொல்லட்டும்? நீயே எழுது, அத அப்படியே சொல்றேன்.

மொட்டை


மார்ச் 10

மொட்டை,

அக்காதான் வீடியோ பாத்துப் போட்டுச்சு. அதத் திட்டாத. நான்தான் கெஞ்சினேன்.

இன்னைக்குக் காலையில ஸ்க்ரீன இழுத்து மூடிட்டு நானே உக்காந்தேன். கயிறு வளைஞ்சு திரும்புற இடம்வரைக்கும் கை தானாப் போகுது. அதுக்கப்புறம் எந்த நுனி எதுன்னு தெரியல. அவுத்துட்டு மறுபடி போட்டேன். அதே இடத்துல நிக்குது. பாதியோடவே அனுப்புறேன். இது என் கைதான், வளைவப் பாரு.

சூப்பர்வைசர்கிட்ட இதக் காட்டு. நீ வாயத் திறக்க வேணாம்.

புதுசா வந்தவன ஏத்திக்க. அவன் முடிச்சுல தொங்குறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ இழுத்துப் பாரு. என்னுத நீ ஒரு நாளும் இழுத்துப் பாத்ததில்ல.

காட்டினதும் கயித்தத் திருப்பி அனுப்பு. எனக்கு வேணும்.

இடிவாங்கி