உன் தலை வெடித்த விவரம்

அன்பும் பாசமும் கொஞ்சம் பயமும் கலந்து வணங்கும் அக்காவுக்கு,

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், கடந்த செவ்வாய்க்கிழமை காலை இரண்டாம் பீரியடில், எங்கள் பள்ளி ஓவிய அறையின் மின்சூளைக்குள் உன் தலை வெடித்துச் சிதறியது. அன்னாருக்கு வயது பதினேழு நாள். தொட்டுப் பார்க்காதே, உன் கழுத்துக்கு மேல் இருப்பது பத்திரமாகத்தான் இருக்கும். போனது களிமண் தலை. உடன் பயணித்த நான்கு தலைகளுக்குப் பலத்த காயம்.

இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். அப்பாவின் போனில் யார் கூப்பிட்டாலும் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழும்படி வைத்திருந்தேன். அவர் மேனேஜர் முன்னால் நின்றபோது அந்தக் குழந்தை மூன்று முறை அழுதிருக்கிறது. அன்றிலிருந்து என் போன் அம்மாவின் பீரோவில் ஆயுள் தண்டனை அனுபவிக்கிறது. அதனால் கடிதம். அம்மாவிடம் கொடுத்தால் படித்துவிட்டுத்தான் ஒட்டுவாள் என்று சந்தேகம், நானே போய்ப் பெட்டியில் போடுகிறேன். கவரின் ஓரம் பிரித்து ஒட்டியதுபோல் இருந்தால் எனக்கு எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பருவத்துக்கு ஓவிய டீச்சர் கொடுத்த வேலை, வீட்டில் உள்ள ஒருவருடைய தலையைக் களிமண்ணில் செய்வது. அம்மா ஓர் இடத்தில் இரண்டு நிமிஷம் உட்கார மாட்டாள். அப்பா என்றால் முடி செய்யும் வேலை மிச்சம், ஆனால் அதைச் சொன்னால் கோபம் வரும். எதிரில் உட்கார்ந்து ‘என் மூக்கு இப்படியா இருக்கு’ என்று கேட்க முடியாத ஒரே ஆள் நீதான். உன் ஹாஸ்டல் அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோவை வைத்துச் செய்தேன்.

சும்மா சொல்லக் கூடாது, அப்படியே வந்திருந்தாய். யாராவது பொய் சொல்லும்போது ஒரு புருவத்தை மட்டும் தூக்குவாயே, அதுவும் வந்திருந்தது. டீச்சர் என் மேஜை முன்னால் நின்று, இது நீ செஞ்சதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் நகத்தைப் பிடித்து மண் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகுதான் நல்லா இருக்குடா என்றார். இதற்கு முன் எந்த டீச்சர் ‘நல்லா இருக்கு’ என்றாலும் அடுத்த வார்த்தை ‘உன் லட்சணம்’ என்றுதான் வரும். இந்த முறை ஒன்றும் வரவில்லை. நானே கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன்.

தலை செய்வதில் ஒரு சட்டம் இருக்கிறது. முதலில் முழு உருண்டையாகச் செய்துகொள்ளலாம். ஆனால் சூளைக்குப் போகும் முன், மண் பாதி காய்ந்திருக்கும்போது, கம்பியால் உச்சந்தலையை மூடிபோல அறுத்து எடுத்து, உள்ளே இருக்கும் மண்ணைத் தோண்டிவிட வேண்டும். ஒரு விரல் கனத்துக்குச் சுவர் மட்டும் நிற்க வேண்டும். பிறகு மூடியை ஒட்டிவிட்டுக் கழுத்துக்கு அடியில் ஒரு ஓட்டை. தோண்டாமல் விட்டால் நடுவில் ஈரம் தங்கும், சூட்டில் அது ஆவியாகும், வெளியே வர வழி இல்லாமல் வெடிக்கும். பக்கத்தில் இருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு போகும்.

இதைச் சரிபார்க்கத்தான் சூளைப் பொறுப்பாளர் என்று ஒருவன் இருக்கிறான். என் பெஞ்சில் பக்கத்தில் உட்காருவானே, நீ ‘சீரியஸ்’ என்று பெயர் வைத்தாயே, அவன்தான். வகுப்பே விழுந்து சிரிக்கும் ஜோக்குக்கு ‘அப்புறம்’ என்று கேட்பவன். ஒவ்வொரு தலையையும் தூக்கி, ஓட்டை வழியாகப் பின்னல் ஊசியை விட்டுப் பார்த்து, நோட்டில் டிக் போட்டுத்தான் சூளைக்குள் வைப்பான்.

செவ்வாய்க்கிழமை கணக்குப் பீரியடில் ‘டப்’ என்றது. கொஞ்சம் விட்டு ‘டப் டப்’. கணக்கு வாத்தியார் போர்டிலிருந்து திரும்பாமலே என் பெயரைச் சொல்லி வெளியே போடா என்றார். நான் முதல் பெஞ்சில் அவருக்கு நேர் பின்னால் கை கட்டி உட்கார்ந்திருந்தேன். சந்தேகம் என்றால் இந்த ஊரில் அது என் வீட்டு முகவரிக்குத்தான் வரும்.

மறுநாள் சூளையைத் திறந்தார்கள். டீச்சர் தரையில் செய்தித்தாள் விரித்து, சில்லுகளைக் கொட்டி, மூக்கு ஒரு பக்கம் காது ஒரு பக்கம் என்று பிரேதப் பரிசோதனை நடத்தினார். உள்ள தோண்டாத தலைதான் இப்படி வெடிக்கும், கனமா ஒரு துண்டாவது இருக்கணுமே, எங்க போச்சு என்று கேட்டார். இருந்ததெல்லாம் மெல்லிய சில்லு. சீரியஸைக் கூப்பிட்டு, எல்லாத்துலயும் ஊசி விட்டுப் பாத்தியா என்றார். பாத்தேன் டீச்சர் என்றான். அப்ப எப்படிடா வெடிச்சது என்றார். அவன் டிக் போட்ட நோட்டையே புரட்டிக்கொண்டிருந்தான்.

அக்கா, அவனுக்கு இது விளையாட்டு இல்லை. பீங்கான் பயிற்சிப் பள்ளியில் சேர விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறான். பள்ளியில் சூளை வேலை ஒழுங்காகப் பார்த்தான் என்று டீச்சர் ஒரு கடிதம் கொடுத்தால் சம்பளம் கட்டாமல் எடுத்துக்கொள்வார்களாம். இல்லாவிட்டால் அவன் மாமா கடையில் பெயிண்ட் டப்பா தூக்க வேண்டியதுதான். டீச்சர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார், “பாக்காம டிக் போட்டவனுக்கு நான் எப்படி எழுதிக் குடுப்பேன்? வெள்ளிக்கிழமை மொத மணிக்குள்ள யாராவது வந்து சொல்லுங்க. இல்லன்னா லெட்டர் கிடையாது.” இன்று வியாழன்.

ஆகவே விசாரணைப் பொறுப்பை உன் தம்பி ஏற்றுக்கொண்டிருக்கிறேன். நாளைக்குள் ஆளைப் பிடிப்பேன் என்று வகுப்பில் சவாலும் விட்டாயிற்று. என் பட்டியலில் இருப்பவர்களைச் சொல்கிறேன்.

போன வாரம் சூளையைப் பழுது பார்த்த எலக்ட்ரீஷியன். சூளைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் விசில் அடித்தவர். வாசலில் பிடித்து, அண்ணே சூளை எப்படி இருக்கு என்று பொதுவாகத்தான் கேட்டேன். தம்பி, நான் ஒயரத்தான் தொட்டேன், எந்தத் தலையையும் தொடல என்றார். தலையைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை. கவனித்தாயா?

அடுத்தது ‘ஜெராக்ஸ்’. எல்லோருடையதையும் பார்த்துச் செய்வான். அவன் செய்த தலை பாதி உன்னை மாதிரியும் பாதி அடுத்த பெஞ்சுக்காரனின் பாட்டன் மாதிரியும் இருக்கும். மேல் தட்டில் இருந்த ஐந்தும் போயிற்று, கீழே இருந்த அவனுடையது மட்டும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தது. எப்படிடா என்று கேட்டால், எப்படிடா என்று என்னையே திருப்பிக் கேட்கிறான். அதையும் காப்பி அடிக்கிறான்.

பிறகு ‘பென்சில்’. ஒல்லியாக, எப்போதும் கூர்மையாக இருக்கும் பெண். அவள் அப்பா தலையில் இரண்டு காதும் போய்விட்டன. அழவும் இல்லை, கத்தவும் இல்லை. பசையை வைத்து ஒட்டிக்கொண்டே இருக்கிறாள். நடுநடுவே நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

எல்லோரையும் விட எனக்குச் சந்தேகம் சீரியஸ் மேல்தான். புதன்கிழமையிலிருந்து என்னோடு பேசுவதில்லை. பெஞ்சு மாறி உட்கார்ந்துவிட்டான். தண்ணீர்க் குழாய் அருகில் நேருக்கு நேர் வந்தபோது கூடப் பாட்டிலை மூடிக்கொண்டு போய்விட்டான். தப்புச் செய்தவன்தானே இப்படி முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்று ஜெராக்ஸிடம் சொன்னேன். ஆமா, தப்புச் செஞ்சவன்தான் என்றான். சொல்லும்போது அவனும் என்னைத்தான் பார்த்தான்.

இதுவரை எழுதியதை இப்போது ஒருமுறை படித்துப் பார்த்தேன். துப்பறிவாளர் வேலை பிரமாதம். உனக்கே தெரிந்திருக்கும், இதைப் படிக்கும்போது உன் ஒரு புருவம் மேலே போயிருக்கும்.

தோண்டாத தலை உன்னுடையதுதான் அக்கா.

எல்லோரும் அறுத்தபோது நானும் கம்பியை எடுத்து உன் நெற்றிக்கு மேல் வைத்தேன். இழுக்கவில்லை. எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். அறுத்தால் நசுங்கிவிடும், திரும்ப ஒட்டினால் அந்த முகம் வராது என்று தோன்றியது. நீ போய் எட்டு மாசம் ஆகிறது, அதனால் என்று நினைத்துக்கொள்ளாதே. நான் ஒழுங்காகச் செய்த ஒரே சாமான், அதனால்தான். ஈரத்துணியைப் போட்டு மூடிவிட்டு, மற்றவர்கள் தோண்டிய மண்ணை வாளியில் போடக் கொண்டுபோனபோது நானும் பழைய மண்ணைக் கொஞ்சம் அள்ளிக்கொண்டு போனேன். ஊசி போகிற அளவுக்கு ஆழமாக ஒரு ஓட்டை மட்டும் குத்தினேன். அப்போது அது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

சீரியஸ் தூக்கிப் பார்த்துவிட்டு, என்னடா இவ்ளோ கனமா இருக்கு என்றான். எங்க அக்காவுக்குத் தலைக்கனம் ஜாஸ்திடா என்றேன். அவன் சிரித்துவிட்டான். பத்து வருஷத்தில் நான் சொன்ன ஜோக்குக்கு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டே ஊசியை விட்டான், ஊசி போயிற்று, டிக் போட்டான்.

சூளையைத் திறந்தபோது முதல் ஆளாகத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடியவன் நான். கனமான துண்டுகள் என் பையில் இருக்கின்றன. அவனுக்கு எல்லாம் தெரியும். தூக்கிப் பார்த்த கை அவனுடையது. டீச்சர் கேட்டபோது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் லெட்டர் அவனுக்குக் கிடைத்திருக்கும். சொல்லவில்லை. நானாகச் சொல்வேன் என்று பேசாமல் இருக்கிறான், அவ்வளவுதான். சவால், விசாரணை, பட்டியல் எல்லாம், எதிரில் வந்தால் அவன் முகத்தைப் பார்க்க முடியாததால் நான் செய்த கூத்து.

நாளைக் காலை மணி அடிக்கும் முன் டீச்சரிடம் சொல்லிவிடுவேன். சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். வாசல் வரைக்கும் போய்விட்டு, ஏதாவது ஒரு ஜோக் அடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேனோ என்று என் மேலேயே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அதனால் ஒரு வேண்டுகோள். கடிதம் கிடைத்த அன்றே பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து ஓவிய டீச்சரைக் கேள், என் தம்பி வந்து ஏதாவது சொன்னானா என்று. சொன்னான் என்றால் அம்மாவிடம் நீயாக எதுவும் சொல்லாதே, அதையும் நானே சொல்கிறேன். சொல்லவில்லை என்றால், தயவுசெய்து, நீ சொல்லிவிடு. அவனுடைய விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அடுத்த புதன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. என்னைத் திட்டுவதாக இருந்தால் கடிதத்தில் வேண்டாம். இரண்டு நாள் லீவு கிடைத்தாலும் போதும், வந்து திட்டு.

இப்படிக்கு,
உன் தம்பி