சமையலறைக் கோர்ட்

டில்லியில் இருக்கும் என் எம்.பி. அவர்களுக்கு,

நேற்றும் பழவேற்காட்டிலிருந்து கருவாட்டு வியாபாரி பக்கீர் முகம்மது வந்தார். “எங்க பாலத்தப் பத்தி வக்கீலு பார்லிமெண்ட்ல இன்னா பேசினாரும்மா?” என்று கேட்டார். தினமும் பேப்பரில் உங்கள் பெயரைத் தேடுகிறேன் என்று சொல்லாமல், டீ கொடுத்து அனுப்பினேன்.

திருவள்ளூரில் எந்த வழக்கையும் முதலில் என்னிடம்தானே வாதாடுவீர்கள்? நான் அரிவாள்மணையில் வெங்காயம் நறுக்க, நீங்கள் எதிரே நின்று ‘யுவர் ஆனர்’ என்பீர்கள். நான் தலையாட்டினால்தான் கோர்ட்டுக்குக் கிளம்புவீர்கள்.

அங்கே யாரிடம் பேசிப் பார்க்கிறீர்கள்? வெங்காயம் நறுக்குவது யார்?

வெள்ளிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அரிவாள்மணையும் வருகிறது. பால வழக்கோடு தயாராக இருங்கள்.

இப்படிக்கு,
யுவர் ஆனர்