கை எட்டாத இடம்

மார்ச் 4, செவ்வாய்

இவர் முதுகில் படர்தாமரை இன்னும் பெரிதாகியிருக்கிறது. பகல் முழுக்க பஸ்ஸின் ரெக்ஸின் சீட்டில் சாய்ந்து ஓட்டினால் வேறென்ன வரும்? மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பைப் பூசிப் பூசி, சின்ன வட்டம் தட்டளவு ஆனதுதான் மிச்சம். இன்று டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அந்தக் களிம்பைக் குப்பையில் போடச் சொல்லிவிட்டு வேறு எழுதிக் கொடுத்தார். தேன் தடவலாமா என்று கேட்டேன். பூஞ்சையை அடக்கும் குணம் தேனுக்கும் கொஞ்சம் உண்டு, ஆனால் அதை நம்பி மருந்தை விட்டுவிடாதீர்கள் என்றார்.

மார்ச் 6

சாயங்காலம் குப்புறப் படுக்கவைத்துத் தேன் தடவி, அரை மணி கழித்துத் துடைத்து, மருந்து. கூசுகிறது என்று நெளிகிறார், பெரிய குழந்தை. அரிப்பு குறைந்திருக்கிறதாம்.

மார்ச் 9, ஞாயிறு

தடவிக்கொண்டிருக்கும்போது மெதுவாக ஆரம்பித்தார். "அவனும் நம்ம புள்ளதானே. ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வருவோமே."

கரண்டியை எறிந்துவிட்டு எழுந்தேன். ஏற்கெனவே கல்யாணமாகி, கையில் குழந்தையோடு இருந்தவளைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். இந்த வாசலை மிதிக்காதே என்றேன். மிதிக்கவில்லை, ஒரு வருஷமாயிற்று. சொன்னது தப்பென்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை.

இனி உங்கள் முதுகை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். சரி என்றுவிட்டார்.

மார்ச் 12

பேச்சு வார்த்தை இல்லை. டிப்போவில் வேலை என்று தாமதமாக வருகிறார். அலமாரியில் தேன் பாட்டிலைக் காணோம். கேட்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

துவைக்கப் போட்ட சட்டையில் சாரை சாரையாக எறும்பு. முதுகின் நடுவில் தேன் காய்ந்து ஒட்டியிருக்கிறது.

காலருக்குக் கீழே, சரியாக நடுவில். மேலிருந்தும் கீழிருந்தும் அங்கே இவர் கை எட்டாது. கல்யாணமான நாளிலிருந்து இவருக்குச் சட்டை தைப்பவள் நான், கை நீளம் எனக்குத் தெரியாதா? பின்னே யார் தடவியது?

மார்ச் 20

மறுபடி எறும்பு. நான் வேலை பார்க்கும் தையல் கடையில் ஒருவர் சட்டைக்குக் கையை இடம் வலம் மாற்றி வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்துக்கொண்டே அழுதேன். யாருடி நீ? தொப்பையும் குறட்டையுமா இருக்கிற மனுஷன்கிட்ட என்னத்தடி கண்டே?

மார்ச் 30, ஞாயிறு

கேட்டேவிட்டேன். யார் அவள்?

முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "அவளும் இல்ல, இவளும் இல்ல. உன் புள்ளதான் தடவி விடறான்."

டூட்டி முடிந்ததும் அங்கேதான் போகிறாராம். போக்குவரத்து ஆறு மாதமாகவே உண்டாம். அந்தக் குழந்தை தாத்தா என்று கூப்பிடுகிறதாம்.

இன்னொருத்தி என்றால் முடியைப் பிடித்துச் சண்டை போட்டிருப்பேன். இதற்கு யாரோடு போய்ச் சண்டை போட? எல்லாரும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், என்னைத் தவிர.

ஏப்ரல் 2

எப்படித் தடவுவான் என்று கேட்டேன். "எரியப் போவுதுன்னு ஊதி ஊதித் தடவுவான்" என்றார்.

தேன் எங்கே எரியும்? சின்னதில் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வருவான், ஊதினால்தான் மருந்து வைக்க விடுவான். ஊதியது நான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இவர் அவன் வீட்டுக்குக் கிளம்பும்போது புதுத் தேன் பாட்டில் ஒன்றை நானே பையில் வைத்தேன். நீ கொடுத்தாய் என்று சொல்லட்டுமா என்று கேட்டார். சொல்லுங்கள் என்றேன். மத்தியானம் முழுக்க வாசலிலேயே இருந்தேன்.

சாயங்காலம் பாட்டில் திரும்பி வந்துவிட்டது. மூடிகூடத் திறக்கவில்லை. முதுகு நன்றாக ஆறிவிட்டதாம். டாக்டர் சொன்ன நாள்வரை மருந்து மட்டும் போதும், தேன் இனி வேண்டாம் என்றானாம்.

"வேற எதாவது சொன்னானா?"

"இல்ல."

ஏப்ரல் 13, ஞாயிறு

இவர் அங்கே போயிருக்கிறார். நீயும் வாயேன் என்றார். கூப்பிட்டது இவர்தானே, அவனில்லையே. போகவில்லை.

இரண்டு நாளாக எனக்கும் அரிக்கிறது. ஒரே படுக்கை, ஒரே துண்டு, வராமல் இருக்குமா? கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் பார்த்தேன். சிவப்பாக ஒரு வட்டம், நட்ட நடுவில். அந்தப் பாட்டிலையே திறந்தேன். விரலில் தொட்டுக்கொண்டு தோளுக்கு மேலே விட்டுப் பார்த்தேன், இடுப்புப் பக்கமாக வளைத்துப் பார்த்தேன்.

எனக்கும் எட்டவில்லை.