நாலாம் நம்பர் சிப்

அன்புள்ள அக்காவுக்கு,

சரக்குக் கப்பலின் மூன்றாம் நிலைப் பொறியாளரும், பற்பசையை நடுவில்தான் அமுக்குவேன் என்ற கொள்கையில் உறுதியானவருமான தமக்கையாரின் மேலான கவனத்திற்கு: நேற்று மாலை நாலு மணி பத்து நிமிடத்திற்கு, நம் வீட்டு மின்விசிறியின் ஒரு இறக்கை துடைக்கப்பட்டது. விழா எளிமையாக நடந்தது. மற்ற இரண்டு இறக்கைகளைப் பற்றி ஆராயக் குழு அமைக்கப்பட்டுள்ளது. சுவிட்சைப் போட்டால் மூன்றும் ஒரே சாம்பல் நிறத்தில்தான் சுற்றுகின்றன, எனவே அவசரம் ஒன்றுமில்லை என்று குழு கருதுகிறது. குழு என்றால் நான்.

நாங்கள் நலம். அப்பா காலை ஐந்தரை பஸ்ஸை எடுக்கப் போகிறார், மதியம் வருகிறார், படுக்கிறார். நான் பள்ளிக்குப் போகிறேன், வருகிறேன். சாப்பாடு சாப்பாடு மாதிரி இருக்கிறது. போன வாரம் கணக்கு வாத்தியார் மேஜை இழுப்பறையில் ரப்பர் பல்லியை வைத்தேன். நீ அனுப்பியதுதான், வால் ஆடும் பல்லி. மனிதர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, "ஐயோ அம்மா" என்று கத்தி, கண்ணாடி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். வகுப்பே உருண்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கத்தியதில் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் கத்தினார். அவரே பிறகு என்னைக் கூப்பிட்டு, "நீ தானேடா? பரவாயில்ல, போ" என்றார். திட்டவில்லை. எட்டு மாதமாக யாருமே என்னைத் திட்டுவதில்லை. ஒருவனுடைய தொழிலையே முடக்குவது என்றால் இதுதான்.

போனில் பேசினால் நீ "ம்" என்கிறாய், நான் "ம்" என்கிறேன். போன தடவை எண்ணினேன், பதினேழு "ம்". அதனால்தான் கடிதம். கம்பெனி ஆபீசில் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் உன் கைக்கு வரும் என்றார்கள்.

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. நாலே வரி. மெஷினைக் கொடுக்கும் முன்னால் அம்மா எழுதிய சிப்பைக் கழற்றி எனக்கு அனுப்பு, வேறொன்றும் எனக்கு வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அதற்கு வருகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் என் பெருமை உனக்கு முழுதாகத் தெரியும்.

முன்னறையில் அம்மாவின் வேலை மேஜைக்குப் பக்கத்தில் நிற்கும் அந்த வீடியோ கேம் மெஷின்தான். பழுது பார்க்க வந்த மெஷின்களெல்லாம் அவரவர் கடைக்குத் திரும்பிப் போய்விட்டன. இது ஒன்றுதான் அம்மாவின் சொந்தம். நீ கப்பலுக்குத் திரும்பப் போனதிலிருந்து அப்பா முன்வாசல் வழியாக வருவதே இல்லை. பின்பக்கம் சுற்றி, துணி காயும் கொடிக்குக் கீழே குனிந்து வருகிறார். அவர் உயரத்துக்கு அது சுலபமில்லை. பிறகு ஒருநாள், மூன்றாவது கடை முடிவெட்டும் மாமா, காத்திருக்கும் பையன்கள் கத்தரிக்கோலை எடுத்து விளையாடுகிறார்கள், அந்த மெஷினைக் கொடுத்தால் கடையில் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டார். அப்பா உடனே சரி என்றார். மாமாவே கொஞ்சம் பயந்துவிட்டார், இவ்வளவு சீக்கிரம் சரி என்பார் என்று எதிர்பார்க்கவில்லை.

மாமா ஒரு நிபந்தனை போட்டார். "தெருவுல ஒரு பய பாக்கி இல்லாம இந்த கேமை முடிச்சுட்டான். ரெண்டாவது பாகம்னு ஒண்ணு இருக்காமே, அதைப் போட்டுக் குடுங்க" என்றார். அப்பாவும் ஒன்று சொன்னார், ஆனால் மாமா போன பிறகு, என்னைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டு: "அந்தக் கடைசிப் படம் அங்க வரக்கூடாதுடா. அது வெளியாளுங்களுக்கு இல்ல."

கடைசிப் படம் என்னவென்று உனக்கே தெரியும், கட்டம் போட்ட நோட்டில் கட்டம் கட்டமாகக் கறுப்படித்தவளே நீதான். நான் மூன்றாம் வகுப்பு. சாப்பிடக் கூப்பிட்டால் வராமல் அந்த மெஷினையே கட்டிக்கொண்டு கிடந்தேன். அம்மா கத்திப் பார்த்தாள், பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தாள். கடைசியில் எழுத்துகள் இருக்கும் சிப்பையே புதிதாக எழுதிப் போட்டாள். அன்றிலிருந்து மூன்று உயிரும் போய் ஆட்டம் முடிந்தால், திரையில் பச்சை எழுத்தில் "போதும், சாப்பிட வா" என்று வரும். வேறெந்த ஊரில் எந்த மெஷினும் தோற்றவனைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்காது.

இனி என் வீரப் பிரதாபம்.

பாகத்தை மாற்றுவது என்றால் மெஷினையே மாற்றுவதல்ல. உள்ளே இருக்கும் பலகையில் ஆறு சிப்களைக் கழற்றி வேறு ஆறு சிப்களைப் போட்டால், அதே மெஷின் வேறு விளையாட்டாகிவிடும். ஒவ்வொரு சிப்புக்கும் இருபத்தெட்டுக் கால், பூரானுக்குப் பங்காளி. எலக்ட்ரானிக்ஸ் கடை அக்கா புது ஆறையும் எழுதிக் கொடுத்தார். "உங்கம்மா எனக்குச் செஞ்சதுக்கு இது ஒண்ணுமே இல்ல" என்றார். நான் "ம்" என்றேன். "யாராவது தெரிஞ்ச ஆளை வெச்சுப் போடு" என்றார். தெரிந்த ஆள் நான்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் அறுவை சிகிச்சை. (அறுவையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நீயே சான்றிதழ் கொடுத்திருக்கிறாய்.) பிளக்கை எடுத்தேன். பின்கதவைத் திறந்து, உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்க இரும்புச் சட்டத்தைத் தொட்டேன். அம்மா அப்படித்தான் செய்வாள், ஏதோ மாட்டைத் தடவிக் கொடுப்பது மாதிரி. பலகையை உருவி மேஜையில் வைத்தேன். தட்டை ஸ்க்ரூடிரைவரைச் சிப்புக்கு அடியில் விட்டு, இந்த முனை கொஞ்சம், அந்த முனை கொஞ்சம், மறுபடி இந்த முனை. ஒரே பக்கமாக நெம்பினால் கால் வளைந்துவிடும். ஆறு சிப்பையும் ஆற அமரக் கழற்றினேன். புது சிப்பின் தலையில் இருக்கும் சின்னப் பள்ளம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கம் பார்க்க வைத்து, கட்டைவிரலால் அழுத்தினேன். நடுவில் பலகையில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. பார்த்தால் என் ரத்தம். சிப்பின் கால் விரலில் குத்தியிருக்கிறது, எப்போது என்று தெரியவில்லை. துடைத்துவிட்டுத் தொடர்ந்தேன்.

சுவிட்சைப் போட்டேன். திரை முழுக்கக் கோடு கோடாக ஏதோ வந்தது, கைலி விளம்பரம் மாதிரி. மனம் தளரவில்லை. தளர அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே. ஆறையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டாவது சிப்பில் ஒரு கால் சாக்கெட்டுக்குள் போகாமல் வயிற்றுக்கு அடியில் மடங்கிச் சம்மணம் போட்டிருந்தது. இடுக்கியால் நிமிர்த்திப் போட்டதும் வந்தது பார், இரண்டாம் பாகம்! புதுப் பாதை, புது இசை, துரத்தும் பூதங்களுக்கு இரண்டு மடங்கு வேகம். மாமா வந்து ஆடிப் பார்த்து, அரை நிமிடத்தில் மூன்று உயிரையும் விட்டுவிட்டு, "டேய், நீ உங்கம்மா கைடா" என்றார். முடிந்ததும் திரையில் வேறு ஏதோ இங்கிலீஷில் வந்தது. நான் படிக்கவில்லை.

ஆகவே, யாருடைய உதவியும் இல்லாமல், பதினாறே வயதில், ஒரு சிப்புக்கும் சேதாரம் இல்லாமல் பழைய பலகையைப் புதுப்பித்தவன் உன் தம்பி. பழைய ஆறையும் வெள்ளித் தாளில் குத்தி என் ஜன்னல் ஓரம் வரிசையாக வைத்தேன். நீ கேட்டது அதில் நாலாம் நம்பர்.

அதை அன்றைக்கே உனக்கு அனுப்பியிருக்கலாம். இரண்டு நாள் என் கண்ணெதிரே இருக்கட்டும் என்று நினைத்தேன். மாமா கடையில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார், மெஷினும் இங்கேயேதான் இருந்தது. இரண்டு நாள் மூன்று வாரமாகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா முன்வாசல் வழியாக வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நாளைக்கு மாமா ஆள் கூட்டிட்டு வர்றாரு. அதுக்கு முன்னாடி அந்தப் பழசை ஒரே ஒரு தரம் போடறியா?" என்றார். நான் போட்டேன். இந்த முறை இருபது நிமிடம்தான் ஆயிற்று. சுவிட்சைப் போட்டதும் பழைய பாதை வந்தது, பழைய பூதங்கள் வந்தன. ஆனால் எழுத்தோ எண்ணோ வரவேண்டிய இடத்திலெல்லாம் வெள்ளைக் கட்டம். பல் விளக்கிய மாதிரி, சுத்தமாக.

நான் அணைக்கப் போனேன். அப்பா "இரு" என்றார். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து ஆடினார். அவர் ஆடி நான் பார்த்ததே இல்லை. பஸ் ஸ்டியரிங் பிடிக்கிற கை, அந்தச் சின்னக் குச்சியை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்திருந்தது. முதல் உயிர் போயிற்று, இரண்டாவது போயிற்று. மூன்றாவதை மட்டும் ரொம்ப நேரம் வைத்திருந்தார், அக்கா. ஒரு மூலையில் ஒளித்து ஒளித்து வைத்திருந்தார். அதுவும் போனதும், நடுத் திரையில் வெள்ளைக் கட்டங்கள் ஒரு வரிசை வந்து நின்றன. அவை மறையும் வரை பார்த்தார். பிறகு எழுந்து, "கண்ணாடி தூசியா இருக்கு. தொடச்சுக் குடுத்துடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

திங்கட்கிழமை புது ஆறையும் மெஷினில் திரும்பப் போட்டுவிட்டு, நாலாம் நம்பர் சிப்பை எலக்ட்ரானிக்ஸ் கடை அக்காவிடம் கொண்டுபோனேன். கருவியில் சொருகிப் பார்த்தார். காலி என்றார். ஒரு எழுத்து மிச்சமில்லை. நகல் இருக்கா என்று கேட்டார். அம்மாவின் கம்ப்யூட்டரை நாம் யாருக்கோ கொடுத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். பிறகு அவர் சிப்பைத் திருப்பிப் பார்த்து, "மேல ஒட்டியிருந்த காகிதம் எங்கடா? வெயில்ல வெச்சியா?" என்றார். அந்த வகைச் சிப்பின் முதுகில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறதாம். அதன் வழியாக வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் உள்ளே எழுதியது கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துவிடுமாம். அதனால்தான் எல்லோரும் அதன்மேல் காகிதம் ஒட்டி மறைப்பார்களாம். நான் எங்கேயோ விழுந்திருக்கும் என்றேன்.

விழவில்லை, அக்கா. நான்தான் உரித்தேன். கழற்றிய அன்றைக்கே, நகத்தால், கிழியாமல். மற்ற ஐந்திலும் அச்சடித்த எண்தான் இருந்தது. இதில் மட்டும் அம்மா நீலப் பேனாவால் எழுதியிருந்தாள்: "தொடாதே. கையை உடைப்பேன்." அவள் கையெழுத்து. எனக்காகவே எழுதியது, வேறு யாருக்கு? அதை நான் வைத்துக்கொள்ள நினைத்தேன். உன்னிடம் சிப் இருக்கும், என்னிடம் இது இருக்கும், பங்கு சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். என் ஜன்னலில் மதியத்திலிருந்து சாயங்காலம் வரை வெயில் நேராக அடிக்கும். எனக்குத் தெரியாது. அம்மாவிடம் அவ்வளவு நாள் பக்கத்தில் இருந்தேன், இதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஆட்டம்தான் ஆடிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் முடிந்து, வாடகை நாற்காலிகளைக்கூட எடுத்துப் போன பிறகுதான் நீ வந்து சேர்ந்தாய். உனக்கு என்று நீ கேட்டது இது ஒன்றுதான். அதைத்தான் நான் வெயிலில் காயப் போட்டேன்.

மெஷின் மாமா கடைக்குப் போய்விட்டது. அப்பாவிடம் காகிதத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை, வருமென்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அந்தக் காகிதத்தை இந்தக் கடிதத்தின் மடிப்பில் வைத்திருக்கிறேன். பசை போய்விட்டது, பிரிக்கும்போது காற்றில் பறந்துவிடாமல் பார்த்துக்கொள். கப்பலில் கவனமாக இரு. எஞ்சின் அறையில் காதுக்கு அந்த மூடியை மாட்டிக்கொள். வேளைக்குத் தூங்கு. என்மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் சரி, எழுது.

இப்படிக்கு,
ஆறில் ஐந்து சிப்களைப் பத்திரமாகக் காப்பாற்றிய,
உன் வாலு

பின்குறிப்பு: நீ எப்போது ஊருக்கு வருகிறாய் என்று அப்பா கேட்டு எழுதச் சொன்னார்.

இன்னொரு பின்குறிப்பு: அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் கேட்கிறேன்.