பரீட்சையில் வராத பாடம்

அன்பு மச்சான் யோகன்,

நீ போய்ப் பத்து மாதம். நாங்கள் அகதியாக வந்து சேர்ந்த இந்தக் குளிர்தேசத்துக் கோல்டிங்கில் இப்போது நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. கடையைப் பூட்டிவிட்டு வந்தால் கதைக்க ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன். இந்த மலரை வாசிக்கிறவர்களும் கேட்டுக்கொண்டிருக்கட்டும். ஒளிக்க என்னிடம் ஒன்றுமில்லை. வெட்கப்பட ஒன்று இருக்கிறது.

முதலில் சோதினைச் சங்கதி. ஆனியில் நடந்ததை மார்கழியில் சொல்கிறேன், கோபிக்காதே. இங்கிலிஷ் பாஸ்.

நம்புகிறாயா? மாலை வகுப்பில் என்னை இழுத்துக்கொண்டுபோய்ச் சேர்த்தவன் நீ. உனக்குத் தொழில்நுட்பப் பள்ளிக்குப் போக அந்தச் சேர்ட்டிபிக்கட் வேண்டும். எனக்கோ லண்டன் மொத்த வியாபாரிக்கு ஒழுங்காக ஒரு கடிதம் எழுதத் தெரிந்தால் போதும். அவர்கள் எங்கள் கையில் அமெரிக்க இலக்கியத்தைத் தந்தார்கள். பன்னிரண்டு பாடம். நீ பன்னிரண்டையும் படித்தாய். நான் வியாபாரி மூளையால் ஏழு பாடத்தை மட்டும் எடுத்து, யாழ்ப்பாணத்து ரியூஷன் கொட்டிலில் செய்ததுபோல, விடையை வரிவரியாகப் பாடமாக்கினேன். மற்ற ஐந்தையும் அதிர்ஷ்டத்திடம் விட்டேன்.

அந்த ஐந்தில் ஒன்றுதான் அறைக் கதை. கோதுமை வயல் நடுவே தனியாக இருக்கிற ஒருவர், தூரத்தில் இருக்கிற தம்பி வருவான் என்று வீட்டோடு இன்னோர் அறை கட்டுகிறார். தம்பி வரவில்லை. கடைசிப் பக்கத்தில் அவர் அந்த வெறும் அறையைக் கூட்டுகிறார். அவ்வளவுதான் கதை.

எங்கள் வீட்டிலும் ஓர் அறை வெறுமையாகத்தானே கிடந்தது. ஊரில் விட்டுவந்த உன் மனைவி வசந்திக்கும் பிள்ளைக்கும் என்று நீ அதை ஒதுக்கி வைத்திருந்தாய். பழைய சாமான் கடையில் வாங்கிய சின்னக் கட்டிலை யன்னலோரம் போட்டாய். நீயும் நானும் ஹோலில் படுத்தோம். என் அரிசி மூட்டைகள் நடையில் கிடந்து காலைத் தட்டின. இரண்டு மூட்டையையாவது உள்ளே வைக்கக் கேட்டேன். நீ விடவில்லை. அவர்களைக் கூப்பிட நீ போட்ட விண்ணப்பமோ இரண்டு வருடமாக அசையவில்லை.

அந்த ஞாயிறு மத்தியானம் நீ என்னிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாய். அறைக் கதை வந்தது. அந்த மனிதரைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்றாய்.

“விசரன். அறையை வாடகைக்கு விட்டிருக்கலாம்.”

“நீ சோதினைக்குப் படிக்கிறியோ, சாமான் விக்கிறியோ?”

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “நீ மட்டும் என்னவாம்? ரெண்டு வரியமாக் காத்துக்குத்தானே கட்டில் போட்டு வச்சிருக்கிறாய்?”

நீ கோபிக்கவில்லை. புத்தகத்தை மூடி என் மடியில் வைத்தாய். “உனக்கு அந்தக் கடைசிப் பக்கம் விளங்கேல்லை, மச்சான். திரும்ப வாசி.”

நான் வாசிக்கவில்லை. பதினொரு நாள் கழித்து மீன் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு நின்ற இடத்திலேயே உனக்கு நெஞ்சு நின்றுபோனது.

அதற்குப் பிறகு வாசித்தேன். எத்தனை தரம் என்று கேட்காதே. உன் அறையையும் கூட்டினேன். ஏன் கூட்டினேன்?

சோதினை வாயால்தான்; அன்று பச்சைத் துணி விரித்த மேசையில் பாடத்தின் பெயர் எழுதிய துண்டுகள் குப்புறக் கிடந்தன. அறைக் கதை வரவேண்டும் என்று உன்னை நினைத்துக்கொண்டு ஒன்றை எடுத்தேன். வரவில்லை. வந்தது ரயில் நிலையக் கவிதை, நான் பாடமாக்கியதுதான். அரை மணித்தியாலம் ஆயத்தம் செய்யத் தந்தார்கள். உள்ளே போய் மூச்சு விடாமல் ஒப்புவித்தேன். வெளியூரில் இருந்து புள்ளி போட வந்திருந்த அம்மா பேனையைக் கீழே வைத்தார். நான் சொல்வதெல்லாம் நல்ல குறிப்பாம். ஆனால் நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டார்.

மச்சான், எங்கள் ரியூஷனில் யாராவது அப்படிக் கேட்டார்களா? கேட்ட சாமான் கடையில் இல்லையென்றால் அதற்குக் கிட்டியதை எடுத்துக் காட்டுவது என் பழக்கம். இந்த ரயிலுக்குக் காத்து நிற்கிறவரைப் பார்க்க அந்த அறை கட்டியவரின் ஞாபகம் வருகிறது என்றேன். அவர் ஏன் அறையை வாடகைக்கு விடவில்லை என்று அந்த அம்மா கேட்டார். என் கேள்வியையே என்னிடம் கேட்டார். விட்டால், தம்பி வரமாட்டான் என்று அவரே கையெழுத்து வைத்ததாகிவிடும் என்றேன். அதற்கு மேல் எனக்கு இங்கிலிஷும் வரவில்லை, வேறு பாஷையும் வரவில்லை. பக்கத்தில் இருந்த எங்கள் வகுப்பு டீச்சர் தண்ணீரை என் பக்கம் தள்ளிவிட்டார்.

பதின்மூன்றுக்கு எட்டுப் போட்டார்கள். உனக்கு என்றால் பதினொன்று வந்திருக்கும். வெளியே மற்றவர்களுக்காகச் சனம் பூக்களோடு நின்றது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடை திறக்கப் போனேன்.

இப்போது பத்திரிகை முழுக்க, குடும்பத்தைக் கூப்பிட எங்கள் ஆட்கள் போட்ட விண்ணப்பங்கள்தான். அவற்றை அரசாங்கம் கிடப்பில் போட்டது சட்டத்துக்கு விரோதமாம். குடும்பங்கள் வந்துகொண்டிருக்கின்றன. வசந்திக்கும் கடிதம் போனது: கூப்பிட்டவர் இறந்துவிட்டபடியால் கோப்பை மூடிவிட்டோம் என்று. இதை யாரிடம் போய்க் கேட்பது?

போன கிழமை வசந்தி எழுதியிருந்தாள். “அண்ணை, அந்த அறையைச் சும்மா வச்சிருக்காதேங்கோ. பிள்ளையளோட ஆரும் வந்தாக் குடுங்கோ. அவர் பாத்துப் பாத்துக் கூட்டி வச்ச அறை, சனம் இருக்கட்டும்.” உன்னையும் என்னையும் விட அவளுக்குத்தான் கடைசிப் பக்கம் விளங்கியிருக்கிறது.

எங்களோடு வகுப்புக்கு வந்த மன்னார் அன்ரனி அண்ணையின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வியாழக்கிழமை வருகிறார்கள். அவர் இருப்பது ஒற்றை அறை. அவர் கேட்கவில்லை, நானே போய்ச் சொன்னேன். உமக்குச் சாமான் வைக்க அறை தேவையில்லையோ என்று கேட்டார். மூட்டைகளுக்கு நடை பழகிவிட்டது என்றேன்.

புதன்கிழமை கடையை வெள்ளென, நேரத்தோடே பூட்டுவேன். அறையைக் கூட்டுவேன். கட்டிலை யன்னலோரத்தில் இருந்து அசைக்க விடமாட்டேன். சின்னவள் அதில் படுப்பாள். வசந்திக்கு அதை எழுதுவேன், சின்னவளின் பெயரோடு எழுதுவேன்.

அது காற்றுக்குப் போட்ட கட்டில் இல்லை, மச்சான்.

இன்னமும் ஹோலில் படுக்கிற
உன் மச்சான்
பொன்ராசா