வண்டி வாசலில் தெரிந்த பிறகு

திங்கட்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதிக்கொள்வது. அம்மா நலம். நானும் நலம் என்றே வைத்துக்கொள். அத்தானும் குட்டியும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அம்மாவுக்குக் கேட்கும். முறிந்தது இடுப்பெலும்புதான், காது அல்ல.

கீச்சுவைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். பராமரிப்பு நிறுவனத்திலிருந்து காலையில் வரும் பணிப்பெண். நடக்கும்போது அவளுடைய ரப்பர் செருப்பு கத்துவதால் அம்மா வைத்த பெயர். அது அவளுக்கும் தெரியும். படியேறும்போதே, கீச்சு வந்தாச்சும்மா, தூங்கினது போதும் என்று குரல் கொடுப்பாள். நம் குளியலறை நிலைப்படி எவ்வளவு உயரம் என்று உனக்கு நினைவிருக்கும். அதைத் தாண்டி அம்மாவைக் கொண்டுபோக இரண்டு பேர் வேண்டும். வலது பக்கம் கீச்சு, இடது பக்கம் நான். பாரம் எல்லாம் வலது பக்கம்தான். கீச்சு ஏழு மணிக்கு வந்துவிட்டால், எட்டு மணிக்கு அம்மா குளித்துத் தலை சீவி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். பிறகு பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்துக்கொள்வார். நான் நூலகத்துக்கு ஓடலாம்.

வந்துவிட்டால் என்று எழுதியிருக்கிறேன், கவனித்தாயா? அவள் சோம்பேறி இல்லை. நிறுவனத்துக்கு இப்போது சமூகத்தின் மேல் அன்பு பொங்கிக்கொண்டிருக்கிறது. சந்தை வாசலில் ரத்த அழுத்த முகாம். பள்ளிக்கூடத்தில் ஓவியப் போட்டி. போன வாரம் பூங்காவில் முதியோருக்கான நடைப்பயணம். நடந்ததெல்லாம் மஞ்சள் பனியன் போட்ட பணிப்பெண்கள். முதியோர் அவரவர் வீட்டில் படுத்தபடி அவர்களுக்காகக் காத்திருந்தார்கள். வியாழக்கிழமை காலை கீச்சு வராததால் போன் செய்தேன். நம் தெருமுனையில் இருக்கும் பெஞ்சுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருக்கிறாளாம். பிரஷ் கையில்தான் இருக்கு தங்கச்சி, உங்கம்மாவுக்கும் ஒரு கோட்டிங் அடிக்கணும்னா சொல்லு, ஓடி வரேன் என்றாள். சிரித்துவிட்டு போனை வைத்த பிறகுதான் அவள் குரலில் இருந்த அலுப்பு எனக்குக் கேட்டது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் அவள் குனிந்திருக்கும் முதுகு தெரிகிறது. அம்மாவைக் கட்டிலில் வைத்தே ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். பெஞ்சில் இப்போது பெரிய எழுத்தில், நீங்கள் தனியாக இல்லை என்று இருக்கிறது.

இந்த நாள்களில் அம்மா தன் பழைய வேலைக்குத் திரும்பிவிடுகிறாள். பஸ் நிலைய ஒலிபெருக்கியில் அத்தனை வருடம் பேசிய குரல், அதற்கு இன்னும் வயதாகவில்லை. பயணிகளின் கனிவான கவனத்திற்கு, காலை ஏழு மணிக்கு வரவேண்டிய கீச்சு இன்னும் வந்து சேரவில்லை என்று கட்டிலில் இருந்தபடியே அறிவிப்பாள். முதல் நாள் வயிறு வலிக்கச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. நான்காவது முறை தாமதமாகப் போனபோது தலைமை நூலகர் என்னை உள்ளே அழைத்தார். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டம். இந்த மாதக் கடைசி வரைக்கும் பார்க்கிறேம்மா, அப்புறம் காலையில கதவைத் திறக்க எனக்கு ஆள் வேணும் என்றார். அந்தக் கதவைத் திறந்ததும் வரும் காகித வாசனைக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கிறேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

இன்னொரு செய்தி. கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். நிறுவனத்தின் ஆண்டு விழாவில், குடும்பத்தைத் தாங்கும் ஒருவருக்கு அன்புக்கரம் என்று ஒரு விருது தருகிறார்கள். இந்த வருடம் எனக்காம். ஒருங்கிணைப்பாளர் நேரிலேயே வந்து சொன்னார். அவரும் மஞ்சள் பனியன்தான். என் பெயரை யார் கொடுத்தது என்று கேட்டேன். அது சர்ப்ரைஸ் மேடம் என்று கண்ணைச் சிமிட்டினார். கீச்சு மேல்தான் எனக்குச் சந்தேகம். கூட்டத்தில் என் பெயரைச் சொன்னாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது உனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். ஆனால் போய் நின்றால் காலை வருகையை ஒழுங்காக்கச் சொல்லி மேலே இருப்பவர்களிடம் கேட்கலாமே என்று ஒரு கணக்கு. அதனால் சரி என்றேன்.

குளிர் ஆரம்பித்திருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்புத் தங்கை


புதன்கிழமை

அக்காவுக்கு,

அன்புள்ள என்று எழுதி அடித்தேன். பிறகு தாளையே மாற்றிவிட்டேன். அன்பு இல்லாமல் இல்லை. இன்று அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விழா நடந்தது. அன்று பக்கத்து வீட்டம்மாவும் ஊரில் இல்லை, அம்மாவை யாரிடமும் விட்டுப் போக முடியாது என்றதும், சக்கர நாற்காலி ஏறும் வண்டியையே அனுப்பினார்கள். சொன்ன நேரத்துக்கு வந்தது. அவர்கள் நேரத்துக்கு வந்து நான் பார்த்தது அன்றுதான். மண்டபத்தில் கீச்சு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை உதறிவிட்டு ஓடிவந்து, சத்தியமா நான் பேர் குடுக்கல தங்கச்சி, எனக்கு விருது குடுக்கற பழக்கமெல்லாம் கிடையாது என்றாள்.

மேடையேறினேன். விளக்கை அணைத்தார்கள். திரையில் நீ வந்தாய்.

என் பெயரைக் கொடுத்தது யார் என்று அப்போதுதான் புரிந்தது. உன் முகத்தை அவ்வளவு பெரிதாக நான் பார்த்ததில்லை. அம்மா முதலில் என்ன செய்தாள் தெரியுமா? கையை உயர்த்தித் தன் முன்முடியை ஒதுக்கிக்கொண்டாள். நீ அவளைப் பார்ப்பாய் என்று நினைத்தது போல. பிறகு நீ பேச ஆரம்பித்தாய். எங்கள் அம்மா இப்போது ஒரு குழந்தை என்றாய். என் தங்கைதான் அந்தக் குழந்தைக்குத் தாய், அவளே எல்லாவற்றையும் தனியாகச் செய்கிறாள், தனக்கென்று எதுவும் வேண்டாதவள் என்றாய். உன் குரல் உடைந்தது. கூட்டத்தில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். நடிக்கவில்லை நீ, அது எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

அம்மா குழந்தை இல்லை அக்கா. காலையில் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து படித்து, கடைசிப் பக்கத்தில் பிழை கண்டுபிடிக்கிறாள். எழுந்து நிற்க ஒரு தோள் வேண்டும், அவ்வளவுதான். எனக்கு எதுவும் வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்? வேண்டும். நூலகத்து வேலை வேண்டும். பாதியில் வைத்த புத்தகத்தை வைத்த பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். முதுகு வலிக்காமல் ஒரு காலை வேண்டும். நான் படித்த கதைகளில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் மகள்கள் எல்லாரும் கடைசியில் தெய்வமாகிவிடுகிறார்கள். ஒருத்திக்குக்கூட இடுப்பு பிடித்துக்கொள்வதில்லை. நீயும் என்னை அந்த வரிசையில் நிறுத்திவிட்டாய்.

கண்ணாடியில் செய்த இரண்டு கைகளை என்னிடம் கொடுத்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ஒருங்கிணைப்பாளர் மைக்கோடு அம்மாவிடம் இறங்கிப் போய்விட்டார். பாட்டிம்மா, உங்க பொண்ணைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க, சும்மா ரெண்டே ரெண்டு என்று குழந்தையிடம் பேசுவது போலக் குழைந்தார். அம்மா மைக்கை வாங்கி விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். பஸ் நிலையத்தில் தட்டுகிற அதே தட்டு.

பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று ஆரம்பித்தாள். மண்டபம் அடங்கியது. காலை ஏழு மணிக்கு வரவேண்டிய பணிப்பெண், பெஞ்சுக்கு வர்ணம் பூசும் பணி காரணமாக இன்று வரமாட்டார். இனி எப்போது வருவார் என்பது குறித்து நிறுவனத்திடமிருந்து தகவல் இல்லை. குளிக்கக் காத்திருப்பவர்கள் தயவுசெய்து காத்திருக்கவும். நன்றி. ஒவ்வொரு சொல்லும் மணியாக விழுந்தது.

மண்டபமே சிரித்தது. கைதட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த ஒருங்கிணைப்பாளர், செம ஜோக்கடிக்கிறாங்க நம்ம பாட்டி என்று மைக்கில் சொன்னார். சிரிக்காமல் இருந்தது மூன்று பேர். அம்மா, நான், நாற்காலியைப் பிடித்தபடி நின்ற கீச்சு. அம்மாவை இரண்டு முறை காட்சிப்பொருளாக்கிவிட்டீர்கள். முதல் முறை நீ அழுதபோது, இரண்டாவது முறை அவர்கள் சிரித்தபோது.

திங்கட்கிழமை ஒருங்கிணைப்பாளர் போன் செய்தார். அம்மா சொன்னது உறைத்துவிட்டதோ என்று ஒரு நொடி நினைத்தேன். அடுத்த வாரத்திலிருந்து கீச்சு மூன்று நாள்தான் வருவாள் என்று சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார். ஒருத்தருமே இல்லாத வீடுங்க நிறைய இருக்கு மேடம், நீங்க தனியாவே சமாளிக்கிறீங்கன்னு உங்க அக்காவே சொல்லிட்டாங்களே என்றார். அக்கா இங்கே இல்லை, அவளுக்குத் தெரியாது என்றேன். விருது வாங்கின நீங்களே இப்படிப் பேசினா மத்தவங்க என்ன பேசுவாங்க என்று என்னையே கேட்டார். யாரும் இல்லாத வீடுகள் இருப்பது உண்மைதான். அதை என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் முகாமை நிறுத்தி அந்த வீடுகளுக்குப் போகலாமே என்று எனக்குத் தோன்றியபோது அவர் போனை வைத்திருந்தார். எனக்கு எப்போதுமே பதில் தாமதமாகத்தான் வருகிறது.

அந்தக் கண்ணாடிக் கைகள் கனமானவை. குளியலறைக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். நன்றாக நிற்கிறது.

மாதக் கடைசிக்கு இன்னும் பன்னிரண்டு நாள். வேறு நிறுவனம் இரண்டு பார்த்துவிட்டேன். இரண்டிலும் அடுத்த மாதம் நடுவில்தான் ஆள் கிடைக்கும் என்கிறார்கள். உன்னிடம் கேட்பது இதுதான். நீ வர வேண்டும். இரண்டு வாரம் போதும். காலையில் வலது பக்கம் நிற்க வேண்டும். கீச்சு வரும் நாளில் எப்படிப் பிடிப்பதென்று உனக்குக் காட்டித்தருவாள். அதோடு ஒரு நாள் என்னோடு அந்த அலுவலகத்துக்கு வந்து, திரையில் சொன்ன அதே வாயால், தெரியாமல் சொல்லிவிட்டேன், என் தங்கையால் தனியாக முடியாது என்று சொல்ல வேண்டும். நான் சொன்னால் அது முறையீடு. நீ சொன்னால் அது தகவல். அவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். வரும்போது ஒன்றும் வாங்கி வராதே.

அம்மா உன்மேல் கோபமாக இருக்கிறாளா என்று நினைப்பாய். விழாவிலிருந்து திரும்பும்போது வண்டியில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுப் படியில் இறக்கும்போதுதான், அவ ரொம்ப இளைச்சிட்டாடி என்றாள். அவ்வளவுதான்.

பால்காரர், குழாய் ரிப்பேர்காரர், பக்கத்து வீட்டம்மா என்று எல்லார் வருகையையும் அம்மா அறிவிக்கிறாள். உன்னைப் பற்றி மட்டும் ஒரு நாளும் அறிவித்ததில்லை. பஸ் நிலையத்தில் அவள் வைத்திருந்த விதி உனக்கும் தெரியும். வண்டி வாசலில் தெரிகிற வரை வருகிறது என்று சொல்லக்கூடாது, ஜனங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றுவிடுவார்கள் என்பாள்.

அதனால் நானும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. தேதியை மட்டும் எனக்கு எழுது. முடியாதென்றால் அதையும் எழுது. குட்டிக்கு என் முத்தம். நீ நன்றாகச் சாப்பிடு.

இடது பக்கம் நிற்கும்
உன் தங்கை