புதுக் கம்பியூட்டர் ரூமுக்குள் அகப்பட்டது

டிக்கோயா,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் யூஜினாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நாங்கள் மூன்று பேரும் சுகம், கட்டார் டோகாவில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் மன்றாடுகிறேன். தம்பி ஜெனுஷனுக்கு ஹட்டன் கடையில் வேலை நிரந்தரமாகிவிட்டது. அப்பாவுக்குத்தான் பிரஷர் இன்னும் இறங்கவில்லை, மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். லயத்து வீடுகளுக்கு நடுவில் ஒரு சுவர்தானே, இந்த மூலையில் பேசினால் அந்த மூலையில் கேட்கும், இது அப்பா காதில் விழக் கூடாது. லீவு முடிந்து அங்கே திரும்புகிற முத்துலிங்கம் அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

நான் கூட்டித் துடைக்கிற கம்பெனி ஆபீஸில் தேயிலைச் சாம்பிள் வைத்திருந்த அறையைக் கம்பியூட்டர் ரூமாக மாற்றுகிறார்கள் என்று சொன்னேன் அல்லவா. எல்லாத் தோட்டத்துக் கணக்கையும் ஆட்களின் விபரத்தையும் சேமித்து வைக்கிற மெஷின்கள் கொழும்பிலிருந்து வர இருந்தன. அதற்காக ஜன்னல்களைக் கல் வைத்து அடைத்து, தரைக்கு மேல் இன்னொரு தரையாகப் பலகை போட்டு, அடியில் வயர் ஓட்டி, ஏசி பூட்டினார்கள். மூலையில் பெரிய சிவப்பு சிலிண்டர்கள். நெருப்புப் பிடித்தால் தண்ணீர் ஊற்ற முடியாதாம், மெஷின் கெட்டுவிடும், அதனால் காஸ் தானாக வந்து அணைக்குமாம். அந்தக் காஸ் உள்ளே இருக்கிற மனுஷருடைய மூச்சையும் நிறுத்திவிடும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

மெஷின் வரும் முன் பொட்டுத் தூசி இருக்கக் கூடாது என்று என்னையும் தனுஷிகாவையும் உள்ளே விட்டார்கள். தனுஷிகா என்னோடு வேலை செய்கிறவள், கொத்மலையில் இருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். கதவைத் திறக்கிற கார்ட் எங்கள் இருவருக்கும் ஒன்றுதான். அதை எடுத்துக்கொண்டு அவள் தண்ணீர் மாற்றப் போனாள். நான் ஒரு தரைப் பலகையைத் தூக்கி வைத்துவிட்டு, முட்டி போட்டு அடியில் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாரோ சுவரைத் துளைத்த தூசி உள்ளே வந்திருக்கிறது, அதைப் புகை என்று நினைத்து அலாரம் அடித்துவிட்டது. மகளே, காதே அடைத்துப்போகிற சத்தம். சிவப்பு லைட் மின்னுகிறது, இங்கிலீஷில் ஒரு குரல் எதையோ திரும்பத் திரும்பச் சொல்கிறது, ஒன்றும் விளங்கவில்லை. எழும்பி ஓடியபோது பலகை இல்லாத இடத்தில் கால் விழுந்து கணுக்கால் பிரண்டது. தவழ்ந்து போய்க் கதவை இழுக்கிறேன், திறக்கவில்லை. உள்ளே இருந்த பொத்தானை அமுக்கினேன், அதற்கும் ஒன்றுமில்லை. மாதாவே என்று கத்தியது எனக்கே கேட்கவில்லை. உன் முகம்தான் கண்ணுக்குள் வந்தது.

வெளியில் எல்லோரும் முற்றத்துக்கு ஓடினார்களாம். தனுஷிகா மட்டும் வாளியைப் போட்டுவிட்டு எதிர்த்து ஓடி வந்திருக்கிறாள். ஒருவர் கையைப் பிடித்துத் தடுத்தாராம், "விடுங்க, அக்கா உள்ள இருக்காங்க" என்று உதறிவிட்டு வந்து கார்டை வைத்துக் கதவைத் திறந்து, என் தோளைப் பிடித்து இழுத்துப் போட்டாள். கதவு மூடின கையோடு உள்ளே காஸ் பீறிட்டுப் பாய்ந்தது, கதவுக் கண்ணாடியில் வெள்ளையாகப் புகை மூடிவிட்டது. இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டோம்.

அப்புறம்தான் தெரிந்தது, கதவு வெளியில் கார்டுக்கு மட்டும்தான் திறக்குமாம், உள்ளே இருக்கிற பொத்தானுக்கு வயர் கொடுக்கிற வேலை முடியவே இல்லையாம், அதற்குள் காஸை முந்திப் பூட்டிவிட்டார்கள். ஆபீஸ் மேனேஜர் பெரிய மாத்தையா வந்து ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லைதானே, நாளைக்கு மெஷின் வருகிறது, திரும்பத் துடைத்துவிடுங்கள் என்றார். "கதவு சரியாகாம நாங்க உள்ள போக மாட்டோம் சேர்" என்று நான்தான் சொன்னேன். தனுஷிகாவும் நகரவில்லை. கடைசியில் மறுநாள் ஆள் வரவழைத்து வயர் கொடுத்து, எங்கள் கண் முன்னால் திறந்து காட்டினார்கள். மெஷின் வந்த லொறி அதுவரை வெளியில் மழையில் நின்றது.

இப்போது மெஷின்கள் பூட்டியாகிவிட்டது. காலையில் தேயிலைப் பெக்டரிச் சங்கு ஊதினாலும் திடுக்கிட்டு எழும்புகிறேன். கணுக்கால் வீக்கத்தைக் கேட்டதற்குப் படியில் சறுக்கியது என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், நீ உளறிவிடாதே. என்னை விட உன்னை நினைத்துத்தான் பயம். நீ வருஷக்கணக்காக அந்த மாதிரி ரூமில், அதுவும் தனியாக, வேலை செய்கிறாய். நான் பெருமையாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே தவிர, அங்கே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. உள்ளே போகுமுன் வெளியில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போ. தனுஷிகாவுக்கு அங்கிருந்து நல்ல சேலை ஒன்று அனுப்பு.

ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். ஒன்றே ஒன்று, மறந்துவிடாதே. இதைப் படித்ததும் நீ வேலை செய்கிற அந்தக் கம்பியூட்டர் ரூம் கதவை உள்ளே இருந்து ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு. "திறக்குதும்மா" என்று மட்டும் சொல், அப்பாவுக்கு விளங்காது.

உன் அம்மா,
அந்தோனியம்மா